கீழாநெல்லியும் அதன் உறவுச் செடிகளும்: ஒன்றுபோல் தோன்றும் சிற்றினங்களைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: வரப்புப்பூ

வணக்கம். மழைக்குப் பின் தானாக முளைத்து, பூத்துக் காய்த்து, அதே பருவத்தில் மடிந்துவிடும் சிறு காட்டுச் செடிகளைச் சிற்றின அளவில் அடையாளம் கண்டு பதிவு செய்து வருகிறேன். பெரும்பாலான பேரினங்களில் பூவின் நிறமோ இதழின் வடிவமோ கைகொடுத்துவிடுகிறது. கீழாநெல்லி அடங்கும் பில்லாந்தஸ் பேரினத்தில் மட்டும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பூவின் குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. எல்லாச் செடிகளிலும் அது வெளிர் பச்சையோ மஞ்சள் கலந்த வெள்ளையோதான். அதுவும் இலைக்கு அடியில் மறைந்து தொங்குகிறது.

பொதுவாகக் கீழாநெல்லி என்று ஒரே பெயரில் அழைக்கப்படுபவற்றுள் குறைந்தது நான்கு வகை வேறுபாடுகளைப் பார்க்கிறேன். முதல் வகையின் இலைகள் நீள்சதுரமாக, நுனி மழுங்கியிருக்கின்றன. இரண்டாம் வகையில் இலை ஒடுக்கமானது. அடியும் நுனியும் கூராக முடிகின்றன. மூன்றாம் வகையின் தண்டு செம்மை படர்ந்தது. காய்கள் காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டியிருக்கின்றன. விரலால் தடவினால் காயின் தோல் சொரசொரக்கிறது. நான்காம் வகையில், மற்ற மூன்றிலும் காணப்படும் இறகு போன்ற அமைப்பே இல்லை; இலைகள் தண்டிலேயே நேரடியாக முளைத்திருக்கின்றன.

முதல் மூன்றையும் பழைய நூல்கள் பில்லாந்தஸ் நிரூரி என்ற பெயருக்குள் அடக்குவதுபோல் தெரிகிறது. புதிய நூல்கள் பில்லாந்தஸ் அமாரஸ் என்கின்றன. இலையின் அளவும் தண்டின் நிறமும் ஒரே இடத்தில் வளரும் செடிகளுக்குள்ளேயே மாறுவதால், அவற்றை நம்பிச் சிற்றினம் பிரிக்கத் தயக்கமாக இருக்கிறது. இந்தக் குழுவில் மாறாத பண்புகள் எவை? அவற்றைக் களத்தில், பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்க முடியுமா?

மறுமொழி: இலைக்கோணம்

வணக்கம். தண்டின் நிறத்தையும் இலையின் அளவையும் நீங்கள் நம்பாதது மிகச் சரியானது. வெயில் கொளுத்தும் திறந்த நிலத்தில் வளரும் செடி குட்டையாகவும் செம்மையாகவும் இருக்கும்; அதே செடியின் விதை நிழலில் விழுந்து முளைத்தால் நெடிதாக, வெளிர் பச்சையாக வளரும். இந்தப் பேரினத்தில் அடையாளம் காண்பதற்கு நம்பத்தக்க பண்புகள் நான்கு இடங்களில் உள்ளன: கிளையமைப்பு, ஆண் பூவும் பெண் பூவும் அமர்ந்திருக்கும் இடம், புல்லிதழ்களின் எண்ணிக்கை, விதையின் மேற்பரப்பு. நான்கையும் கைலென்ஸால் பார்த்துவிடலாம்.

கிளையமைப்பிலிருந்து தொடங்குங்கள். கீழாநெல்லியில் பலரும் கூட்டிலை என்று எண்ணுவது உண்மையில் இலையன்று. அது ஒரு குறுங்கிளை. முதன்மைத் தண்டில் முழு இலைகள் உருவாவதில்லை. இலை இருக்க வேண்டிய இடத்தில் சிறு செதில்கள் மட்டுமே இருக்கின்றன. அந்தச் செதில்களின் கோணத்திலிருந்து கிளம்பும் மெல்லிய குறுங்கிளைகள் கிடையாக நீண்டு, இருபுறமும் வரிசையாக இலைகளைத் தாங்குகின்றன. முதிர்ந்ததும் அந்தக் குறுங்கிளை முழுவதுமே உதிர்ந்துவிடுவதால், அது இலை என்ற எண்ணம் இன்னும் வலுப்படுகிறது. ஆனால் கூட்டிலையின் சிற்றிலைக் கோணத்தில் ஒருபோதும் பூ முளைக்காது. இங்கே ஒவ்வோர் இலைக் கோணத்திலும் பூ இருக்கிறது. ஒவ்வோர் இலையின் அடியிலும் இரண்டு நுண்ணிய இலையடிச் செதில்கள் இருக்கின்றன. நெல்லி மரத்திலும் இதே அமைப்புத்தான் உள்ளது என்பதை ஒருமுறை கவனித்துப் பார்த்தால், ஒரு மரமும் ஒரு பருவம் மட்டுமே வாழும் செடியும் ஏன் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டன என்பது நன்றாக விளங்கும்.

உங்கள் நான்காம் வகையில் இந்த அமைப்பு இல்லை என்று நீங்கள் குறித்திருப்பதே அதை மற்ற மூன்றிலிருந்தும் முழுமையாகப் பிரித்துவிடுகிறது. அது பெரும்பாலும் மேலாநெல்லி எனப்படும் பில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ் ஆக இருக்கும். இல்லையென்றால் பில்லாந்தஸ் விர்காட்டஸ் ஆக இருக்கலாம். அவை இரண்டையும் பிரிக்க இலைகள் தண்டைச் சுற்றி அமைந்த முறையைப் பாருங்கள். மதராஸ்படென்சிஸில் இலைகள் தண்டைச் சுருளாகச் சுற்றி அமைந்திருக்கும். இலையின் அடி ஆப்பு போல் குறுகி, நுனிப் பக்கம் அகலும். விர்காட்டஸில் இலைகள் தண்டின் இரு பக்கங்களில் மட்டும், ஒரே தளத்தில் வரிசையாக நிற்கும்; பூக்களும் காய்களும் நீண்ட மெல்லிய காம்புகளில் தொங்கும்.

அடுத்தது பூக்களின் இடம். இந்தக் குழுவில் என்னை மிகவும் கவர்ந்த பண்பு இதுதான். ஆனால் பெரும்பாலான படப் பதிவுகளில் இது விடுபட்டுப்போகிறது. ஒரு குறுங்கிளையைப் பறித்துத் தலைகீழாகப் பிடித்து, தண்டை ஒட்டிய அடிப்பகுதியிலிருந்து நுனி வரை ஒவ்வோர் இலைக் கோணமாகப் பார்த்துச் செல்லுங்கள். பெண் பூவில் நடுவே மூன்று அறைகள் கொண்ட சூலகம் உருண்டையாகத் தெரியும். ஆண் பூவில் அந்த இடத்தில் மகரந்தப்பைகளைத் தாங்கிய சிறு தூண் நிற்கும்.

பில்லாந்தஸ் அமாரஸில் அடியிலுள்ள சில கோணங்களில் மட்டும் ஆண் பூக்கள் தனியாக இருக்கும். அதற்கு மேல் நுனி வரை, ஒவ்வொரு கோணத்திலும் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் இணையாக அமர்ந்திருக்கும். இந்த இணை அமைப்பைக் கண்டுவிட்டால் மற்றப் பண்புகளைத் தேட வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. பில்லாந்தஸ் டெபிலிஸ், பில்லாந்தஸ் பிராட்டெர்னஸ் இரண்டிலும் இருபால் பூக்களும் ஒரே கோணத்தில் சேர்வதில்லை. குறுங்கிளையின் அடிப்பகுதியில் ஆண் பூக்கள் இரண்டு மூன்றாகவும், நுனிப்பகுதியில் பெண் பூக்கள் ஒற்றையாகவும் இருக்கும். பில்லாந்தஸ் யூரினேரியாவில் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிடுகிறது: பெண் பூக்கள் அடிப்பகுதியில், ஆண் பூக்கள் நுனிப்பகுதியில். அதனால்தான் அந்தச் செடியில் காய்கள் தண்டை ஒட்டிய பக்கம் நெருங்கி நிற்கின்றன. கிளையின் நுனிப்பாதி வெறுமையாகத் தெரிகிறது. சற்றுப் பழகிய கண்ணுக்கு இது நின்றபடியே தெரிந்துவிடும்.

மூன்றாவது, புல்லிதழ்கள். இந்தப் பேரினத்தின் பூக்களில் அல்லியிதழ்களே கிடையாது. வெள்ளை விளிம்போடு நாம் காண்பவை புல்லிதழ்கள்தான். அமாரஸில் அவை 5. டெபிலிஸ், பிராட்டெர்னஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ் ஆகியவற்றில் 6. பூ சிறியது என்று நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. பெண் பூவின் புல்லிதழ்கள் உதிர்வதில்லை. காய் முதிரும் வரை அதன் அடியில் விரிந்த நட்சத்திரமாக நிலைத்திருக்கின்றன. எனவே பூவை விட்டுவிட்டு, காயைக் கவிழ்த்து அதன் அடியில் எண்ணுங்கள். ஒரே ஒரு காயோடு நிறுத்திவிடாமல், வெவ்வேறு கிளைகளில் பல காய்களைப் பார்ப்பது நல்லது. எண்ணிக்கை மாறிய பூ ஒன்றிரண்டு எந்தச் செடியிலும் வரக்கூடும்.

விதையைப் பற்றி இங்கு நன்கு அறிந்தவர்கள் எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழி: விதைப்பொட்டலம்

மேலே சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. வரிசையில் மட்டும் மாறுபடுகிறேன். முதலில் பார்க்க வேண்டியது விதை என்பது என் கருத்து. பூக்களின் இடத்தை அறியக் குறுங்கிளை முழுமையாக, இலை உதிராமல், இரண்டு பால் பூக்களோடும் இருக்க வேண்டும். பருவத்தின் கடைசியில் ஆண் பூக்கள் உதிர்ந்துபோன பிறகு அந்தப் பண்பு பாதி அழிந்துவிடுகிறது. விதை அப்படியன்று. செடி காய்ந்து கருகிய பிறகும், தாளில் அழுத்திப் பல ஆண்டுகள் கழித்தும், விதையின் மேலுள்ள வரிகள் மாறுவதில்லை.

காயில் மூன்று அறைகள், அறைக்கு இரண்டு விதைகள், ஆக ஆறு விதைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம். ஆரஞ்சுச் சுளையைப் போல வெளிப்பக்கம் வளைந்தும், உட்பக்கம் இரண்டு தட்டையான முகங்களோடும் இருக்கும். வளைந்த முதுகைத்தான் லென்சுக்குக் கீழ் வைக்க வேண்டும்.

அமாரஸ், டெபிலிஸ், பிராட்டெர்னஸ் மூன்றிலும் முதுகில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரம்புகள் இருக்கும். ஐந்திலிருந்து எட்டுக்குள் எண்ணலாம். யூரினேரியாவில் வரம்புகள் குறுக்காக ஓடும். எண்ணிக்கையும் கூடுதல், பன்னிரண்டு பதினைந்து வரை வரும். நீளமா குறுக்கா என்ற இந்த ஒரு வேறுபாட்டில் ஐயத்துக்கே இடமில்லை. லென்ஸ் பிடித்துப் பழகாதவருக்கும் இரண்டு விதைகளை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். மதராஸ்படென்சிஸின் விதையில் வரம்புக்குப் பதிலாக நுண்ணிய புள்ளிகள் நீள வரிசைகளாகக் கோக்கப்பட்டிருக்கும். நிரூரி என்ற பெயருக்கு உண்மையில் உரிய அமெரிக்கச் செடியில் வரம்பு இல்லாமல் சிறு மருக்கள் பரவியிருக்கும்.

முற்றாத காயைப் பிளந்தால் விதை வெளிறி, மென்மையாக, வரிகள் தெளிவின்றி இருக்கும். அதைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். முற்றிய காயோ கை பட்டவுடன் வெடித்து விதையைத் தெறித்துவிடும். நான் செய்வது இதுதான்: காய்கள் முழு அளவுக்கு வளர்ந்து, நிறம் சற்று மங்கத் தொடங்கும்போது கிளையோடு பறித்து, மடித்து ஒட்டிய காகித உறைக்குள் போட்டு வைத்துவிடுவேன். உறைக்குள்ளேயே காய்கள் வெடித்து, விதைகள் மூலையில் சேர்ந்துவிடும். நெகிழிப் பையைத் தவிர்க்க வேண்டும். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் வரிகள் மூடிப்போகும்.

உங்கள் மூன்றாம் வகையைப் பற்றி ஒரு சொல். காயின் சொரசொரப்பு, காம்பின்மை, செம்மை மூன்றும் சேர்ந்து வந்தால் அது யூரினேரியாதான் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் அந்த மூன்றில் செம்மையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். இன்னொரு துணைப் பண்பும் இருக்கிறது: அதன் இலை விளிம்பை ஒட்டி அடிப்பக்கத்தில் குட்டையான, விறைத்த மயிர்கள் இருக்கும். அமாரஸின் இலை வழவழப்பானது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லென்ஸ் வைத்தால் விளிம்பிலேயே தெரியும்.

மறுமொழி: வரப்புப்பூ

இரண்டு விளக்கங்களுக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன வரிசைப்படியே, பறித்து வைத்திருந்த கிளைகளையும் புதிதாகப் பறித்தவற்றையும் சேர்த்துப் பார்த்தேன்.

முதல் வகையில் காயின் அடியில் புல்லிதழ்கள் ஐந்து. நடுக்கிளையின் கோணங்களில் ஒரு காயும் அதன் பக்கத்தில் ஓர் ஆண் மொட்டுமாக இணை அமைப்புத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் வகையின் விதையில் குறுக்கு வரம்புகள் இருந்தன. காய்கள் அனைத்தும் குறுங்கிளையின் அடிப்பாதியில் இருந்தன. இவ்வளவு எளிதாகப் பிரியும் இரண்டு செடிகள் இத்தனை காலம் ஒரே பெயரில் பதிவாகி வந்தது வியப்பாகவே இருக்கிறது. நான்காம் வகையின் இலைகள் தண்டைச் சுற்றிச் சுருளாக, ஆப்பு வடிவில் இருப்பதால் அதை மதராஸ்படென்சிஸ் என்று பதிவு செய்துவிட்டேன்.

இரண்டாம் வகையில்தான் நிற்கிறேன். புல்லிதழ்கள் ஆறு, ஆண் பூக்கள் அடியில், பெண் பூக்கள் நுனியில், விதையில் நீள வரம்புகள். இந்த மூன்று பண்புகளும் டெபிலிஸுக்கும் பிராட்டெர்னஸுக்கும் பொதுவானவை என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவை இரண்டையும் பிரிப்பது எது?

மேலும், நிரூரி என்ற பெயரை முற்றிலும் விட்டுவிடலாமா? பழைய நூல்களின் பதிவுகளை இன்றைய பெயர்களோடு எப்படிப் பொருத்துவது?

மறுமொழி: பழையதாள்

பெயரைப் பற்றிய பகுதிக்கு நான் விடை எழுதுகிறேன்.

நிரூரி, யூரினேரியா, மதராஸ்படென்சிஸ் மூன்றுக்கும் லின்னேயஸ் 1753-இல் பெயரிட்டார். அவற்றுள் நிரூரி என்ற பெயர் உரியது அமெரிக்க வெப்ப மண்டலத்தில் வளரும் ஒரு செடிக்கு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அதே தோற்றமுடைய செடிகளைக் கண்ட பிற்காலத் தாவரவியலாளர்கள், குறுங்கிளையும் கீழ்நோக்கித் தொங்கும் காயும் ஒத்திருந்ததால், அவற்றுக்கும் அதே பெயரை இட்டுவிட்டார்கள். ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவரத் தொகுதியிலும் நிரூரி என்ற தலைப்பின் கீழ்தான் இந்தச் செடிகள் பேசப்படுகின்றன. அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உலர்த்திய தாளில் இலைகள் பெரும்பகுதி உதிர்ந்துபோகும், பூக்கள் நொறுங்கிவிடும் ஒரு செடியை, கண்டங்கள் கடந்து வந்த வேறு தாள்களோடு ஒப்பிடுவது எவ்வளவு கடினம் என்பதை, அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் அமெரிக்கத் தாவரவியலாளர் கிராடி வெப்ஸ்டர். 1950-களில் மேற்கிந்தியத் தீவுகளின் பில்லாந்தஸ் சிற்றினங்களை விரிவாக ஆராய்ந்தபோது, உண்மையான நிரூரியின் மகரந்தக் கம்பிகள் தனித்தனியாக இருப்பதையும், விதையில் வரம்புக்குப் பதில் மருக்கள் இருப்பதையும் சுட்டிக்காட்டி, உலகெங்கும் களையாகப் பரவியிருப்பது அதுவன்று என்று அவர் தெளிவுபடுத்தினார். அந்தக் களைக்கு உரிய பெயர் ஏற்கெனவே இருந்தது: 1827-இல் ஷூமாக்கரும் தோனிங்கும் மேற்கு ஆப்பிரிக்கச் செடியைக் கொண்டு வெளியிட்ட பில்லாந்தஸ் அமாரஸ். பெயர் பெற்றது ஆப்பிரிக்காவில் என்றாலும், அதன் தாயகம் அமெரிக்க வெப்ப மண்டலமே என்று இன்று கருதப்படுகிறது. பிராட்டெர்னஸ் என்ற சிற்றினத்தையும் 1955-இல் விவரித்துப் பெயரிட்டவர் வெப்ஸ்டர்தான்.

எனவே, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து எழுதப்பட்ட பழைய நூலில் நிரூரி என்று இருந்தால் அதை அப்படியே அமாரஸ் என்று மாற்றி எழுதிவிடலாம் என்று எண்ணுவது சரியன்று. அந்தப் பெயர் அமாரஸ், பிராட்டெர்னஸ், டெபிலிஸ் மூன்றையும் உள்ளடக்கிய ஒரு கூட்டுப் பெயராகவே அங்கு பயன்பட்டிருக்கிறது. நூலில் புல்லிதழ்களின் எண்ணிக்கை குறிக்கப்பட்டிருந்தால் ஓரளவு பிரிக்கலாம்; இல்லையென்றால் "நிரூரி, பரந்த பொருளில்" என்று குறித்துவிட்டு, உலர்தாவரத் தாள் எங்கேனும் பாதுகாக்கப்பட்டிருந்தால் அதைத் தேடிப் பார்ப்பதுதான் நேர்மையான வழி.

இது ஏட்டளவில் மட்டும் நின்றுவிடும் சிக்கலன்று என்பதால் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். கல்லீரல் அழற்சி பி வைரஸின் மீது இந்தச் செடியின் சாறு எவ்வாறு செயல்படுகிறது என்பதை ஆராய்ந்த, பரவலாகப் பேசப்பட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று 1987-இல் நிரூரி என்ற பெயரில் வெளியானது. அடுத்த ஆண்டு, 1988-இல், நோய்த்தொற்று உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு வெளியானபோது செடியின் பெயர் அமாரஸ் என்று இருந்தது. இரண்டு கட்டுரைகளையும் பெயரை மட்டும் வைத்துப் படிப்பவர், இரு வேறு செடிகள் ஆராயப்பட்டன என்றே எண்ணுவார். பிற்காலத்தில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அதே பலனைக் காணவில்லை; அந்த வேறுபாட்டுக்கான காரணங்களைப் பேசும்போது, எந்தச் சிற்றினம், எங்கே பறிக்கப்பட்டது என்ற கேள்வியும் எழுந்தது. ஒரு காயைக் கவிழ்த்துப் புல்லிதழை எண்ணி, தாளில் அழுத்தி, சான்றாக வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கு எப்போது வேண்டுமானாலும் விடை தேட முடியும். சான்றுத் தாள் இல்லாத பெயரைப் பின்னர் எவராலும் சரிபார்க்க முடியாது. உங்களைப் போலப் பதிவு செய்பவர்கள் சிற்றினத்துக்கு ஒரு தாளாவது அழுத்தி வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மறுமொழி: இலைக்கோணம்

டெபிலிஸையும் பிராட்டெர்னஸையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தக் குழுவிலேயே மிக நெருக்கமான இணை இதுதான். முதல் மறுமொழியில் நான் சொன்ன பண்புகளில் இவை இரண்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒத்துப்போகின்றன. இங்கே மட்டும் இலையின் வடிவத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அளவை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பாருங்கள். டெபிலிஸின் இலை நடுவில் அகன்று, அடியை நோக்கியும் நுனியை நோக்கியும் சீராகக் குறுகிக் கூராக முடியும். பிராட்டெர்னஸின் இலை நீள்சதுரம். பக்கங்கள் ஏறத்தாழ இணையாக ஓடி, நுனியில் வட்டமாகவோ மழுங்கியோ முடியும். அதாவது இலையைத் தனியாகப் பார்த்தால் பிராட்டெர்னஸ் உங்கள் முதல் வகையான அமாரஸைத்தான் ஒத்திருக்கும், பூவைப் பார்த்தால் டெபிலிஸை ஒத்திருக்கும். இலையால் ஏற்படும் குழப்பத்தைப் புல்லிதழும், புல்லிதழால் ஏற்படும் குழப்பத்தை இலையும் தீர்த்துவைக்கின்றன. ஆதலால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குறுங்கிளையின் நடுப்பகுதி இலைகளை மட்டும் ஒப்பிடுங்கள். அடியிலுள்ள முதல் ஒன்றிரண்டு இலைகளும் நுனியிலுள்ள வளர்ந்துவரும் இலைகளும் எந்தச் சிற்றினத்திலும் மாறுபட்ட வடிவில் இருக்கும். அதுபோலவே, மாலையில் பார்க்க வேண்டாம். இருட்டத் தொடங்கியதும் இலைகள் மடிந்துவிடுவதால், அகன்ற இலைகூட ஒடுங்கியதாகத் தோன்றும். ஒடுங்கிய இலை என்று குறிப்பிட்டு வரும் படங்களில் சில, மடிந்த இலைகளைக் காட்டுபவை.

உங்கள் இரண்டாம் வகையின் விவரிப்பில் "அடியும் நுனியும் கூராக முடிகின்றன" என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். புல்லிதழ்கள் ஆறு என்பதும் உறுதியானதால், அது டெபிலிஸ் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி: நுண்வரம்பு

இதுவரை வந்த விளக்கங்களில் விடுபட்டுப்போன ஒரு செடியைச் சேர்க்க விரும்புகிறேன்: பில்லாந்தஸ் டெனெல்லஸ். இதன் தாயகம் இந்தியப் பெருங்கடலின் மஸ்கரீன் தீவுகள். தொட்டிச் செடிகளோடும் நாற்றங்கால் மண்ணோடும் பயணம் செய்து இன்று பல நாடுகளில் பரவிவிட்டது. இதிலும் குறுங்கிளை உண்டு, புல்லிதழ்களும் ஐந்துதான்; எனவே புல்லிதழை எண்ணி உடனே அமாரஸ் என்று முடிவு கட்டினால் இது உள்ளே நுழைந்துவிடும். வேறுபாடு காம்பில் தெரியும். அமாரஸின் காய்க்காம்பு மிகக் குட்டையானது. காய் இலையடியை ஒட்டியே தொங்கும். டெனெல்லஸில் காம்பு மயிரிழை போல் நீண்டு, காயைக் கிளையிலிருந்து விலக்கித் தாங்குகிறது. ஆண் பூவில் மகரந்தத்தாள்கள் ஐந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். அமாரஸில் மூன்று, அவற்றின் கம்பிகள் இணைந்து ஒரே தூணாகிவிடும். விதையிலும் வரம்புகளுக்குப் பதில் சிறு மருக்களே இருக்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைக் கருத்து: காய்த்தும் பூத்தும் இருக்கும் செடி கிடைத்தால், மகரந்தத்தாளை ஒருமுறையாவது பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். களத்தில் காற்றடிக்கும்போது அந்த அளவுப் பூவைக் கையில் பிடித்துப் பார்ப்பது இயலாது. குறுங்கிளையைப் பறித்து வந்து, ஈரத் தாளின் மேல் பூவைக் கவிழ்க்காமல் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி செய்து, கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் குனிந்து பாருங்கள். உலர்ந்த பூவாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் ஊறவிட்டால் விரிந்துகொடுக்கும்.

யூரினேரியாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூக்களின் வரிசையும் காயின் தோலும் விதையின் வரம்பும் மற்றவற்றிலிருந்து இவ்வளவு தூரம் விலகி நிற்பது தற்செயலன்று. தோற்றத்தில் அமாரஸின் உடன்பிறப்பு போல் இருந்தாலும், வகைப்பாட்டில் அதைத் தனிப் பிரிவாகவே வெப்ஸ்டர் உள்ளிட்டோர் வைத்திருக்கிறார்கள். அமாரஸுக்கு உண்மையில் நெருங்கியவை டெபிலிஸும் பிராட்டெர்னஸும்தான். உங்கள் பதிவில் மூன்றாம் வகை எளிதாகப் பிரிந்ததற்கும் இரண்டாம் வகையில் நீங்கள் நின்றுவிட்டதற்கும் காரணம் இதுவே.

படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். செடியின் முழுத் தோற்றத்தை மேலிருந்து எடுத்த படம் மட்டும் வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குச் சிற்றினப் பெயர் தர இயலாது. குறுங்கிளை ஒன்றின் அடிப்பக்கம் முழுவதையும் காட்டும் படம், காயின் அடியிலுள்ள புல்லிதழ்களைக் காட்டும் படம், மில்லிமீட்டர் கோடிட்ட தாளின் மேல் விதையின் முதுகைக் காட்டும் படம், இந்த மூன்றும் இருந்தால் இங்கே எவரும் தயங்காமல் பெயர் சொல்லிவிடுவார்கள்.

மறுமொழி: வரப்புப்பூ

இரண்டாம் வகையின் நடுக்கிளை இலைகளைக் காலை வெளிச்சத்தில் மீண்டும் பார்த்தேன். அடியும் நுனியும் கூராகவே இருக்கின்றன. ஆண் பூவில் மகரந்தத்தாள்கள் மூன்றும் இணைந்த ஒரே தூண். டெபிலிஸ் என்று பதிவு செய்து, ஒரு கிளையை விதை உறையோடு சேர்த்துத் தாளில் அழுத்தி வைத்துவிட்டேன்.

முதல் வகை என்று நான் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்த கிளைகளுக்குள் பிராட்டெர்னஸோ டெனெல்லஸோ கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பது இப்போது புரிகிறது. இலை மழுங்கலாக இருந்தால் போதும் என்று ஒரே கட்டாகக் கட்டியவை அவை. ஒவ்வொரு கிளையிலும் காயைக் கவிழ்த்துப் புல்லிதழை எண்ணி, காம்பின் நீளத்தையும் பார்த்துப் பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆறு புல்லிதழோடு மழுங்கிய இலை கொண்டது ஏதேனும் அகப்பட்டால், நுண்வரம்பு கேட்ட மூன்று படங்களோடு இதே இழையில் பதிவிடுகிறேன்.